சட்டை சொல்லும் சாட்சி

கதை ஒன்றைச் சொல்லி முடித்ததும், “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று பிள்ளைகளைக் கேட்பது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். பிள்ளையும் “பொறாமை கூடாது” என்றோ, “பொய் சொல்லக் கூடாது” என்றோ ஒன்றை ஒப்பிக்கும். கேட்டவர்க்கும் மன நிறைவு. கதை அத்துடன் முடிந்துவிடும். பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டையை மட்டும் முந்தானையில் முடிந்துவைக்கும் செயல் இது.

இன்னொரு சாரார் உளர். “கதை என்றாலே பொய், பொய்யில் நமக்கென்ன வேலை?” என்பது அவர்தம் வினா. இவ்விரு சாராரும் வேறுபட்ட கருத்தினர் போலத் தோன்றினும் ஒன்றில் உடன்படுகின்றனர். கதை சொல்லப்பட்ட முறை இருவர்க்கும் பொருட்டன்று. ஒருவர் நீதியை எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிடுகிறார். மற்றவர் இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்.

கதை சொல்லும் முறைகளை நாம் உத்தி என்கிறோம். அச்சொல் பழையது. நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டு எனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். பின்னர்த் தண்டியலங்காரம் போன்ற நூல்கள் உவமை, உருவகம் முதலியவற்றை அணி எனப் பெயரிட்டு விரித்தன. அணி என்றால் நகை. நகை கழற்றி வைக்கத்தக்கது. இதனாலேயோ என்னவோ, இலக்கிய உத்தி என்பது மேலே பூட்டிய அலங்காரம், அதைக் கழற்றினாலும் உள்ளே பொருள் முழுமையாக இருக்கும் என்னும் எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டது. நல்ல கதையில் உத்தி உடலின் எலும்பு போன்றது. அதை உருவிவிட்டால் பொருளும் சரிந்து விழும். இதனை மெய்ப்பிக்க, நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த ஒரு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம்.

திருக்குர்ஆன் கதைநூல் அன்று, இறைவேதம். அதன் 12ஆம் அத்தியாயமாகிய ஸூரா யூசுப் 111 வசனங்களில் ஒரே வரலாற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிச் செல்கிறது. அவ்வரலாற்றை மிக அழகியது என்றும் அந்த அத்தியாயமே குறிக்கிறது. இறைவன் கூறும் வரலாறு உண்மை என்பது நம் ஈமான். அந்த உண்மையும் ஒரு சொல்முறையோடு, அழகோடு சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, உத்தி என்பது பொய்க்குப் பூசும் வண்ணம் என்னும் வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

மூன்று சட்டைகள்

நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் சட்டை மூன்று முறை வருகிறது. கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதில் புலப்படுவதில்லை.

முதற் சட்டை பொய்க் குருதி தோய்ந்தது. தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ஓநாய் தின்றுவிட்டது என்று தந்தையிடம் சொல்ல வரும் சகோதரர்கள் அதனைச் சான்றாகக் கொண்டு வருகிறார்கள். தந்தை யஃகூப் (அலை) அவர்கள் நம்பவில்லை. சட்டை கிழியாமல் இருந்ததை அவர்கள் கவனித்தார்கள் எனவும், மகனைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமல் விட்டதே என்று வியந்தார்கள் எனவும் விரிவுரையாளர்கள் எழுதுவர். பொய் சொல்ல வந்த சட்டை, பொய் சொன்னவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டாம் சட்டை பின்புறம் கிழிந்தது. மிஸ்ரில் தம்மை வளர்த்தவரின் மனைவி விரித்த வலையிலிருந்து யூசுப் (அலை) வாயிலை நோக்கி விரைகிறார்கள்; அவள் பின்னிருந்து பற்றி இழுக்கிறாள். வாயிலில் கணவன் நிற்கிறான். பழி யூசுப் மீது விழுகிறது. அப்போது அவள் குடும்பத்தாருள் ஒருவரே தீர்ப்புக்கு வழி சொல்கிறார்: முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய். சட்டையைப் பார்த்தார்கள், உண்மை வெளியாயிற்று.

மூன்றாம் சட்டையில் குருதியும் இல்லை, கிழிசலும் இல்லை. மகனை நினைந்து அழுது கண்கள் வெளுத்துப்போன தந்தையின் முகத்தில் போடுவதற்காக யூசுப் (அலை) அனுப்பிவைத்தது அது. அதனைச் சுமந்த கூட்டம் மிஸ்ரை விட்டுப் புறப்பட்ட அளவிலேயே, தொலைவிலிருந்த தந்தை மகனின் வாடையை உணர்கிறார். சட்டை முகத்தில் பட்டதும் பார்வை மீள்கிறது. குருதிச் சட்டையைக் கொண்டுசென்று தந்தையை வருத்திய மகனே இச்சட்டையையும் கொண்டுசென்றான் என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர்.

ஒரு பொருள் கதையில் திரும்பத் திரும்ப வந்து, வரும்தோறும் பொருளாழம் பெறுவதைத் திறனாய்வாளர் குறியீடு என்பர். இங்குச் சட்டை முதலில் பொய்யின் கருவி. அடுத்து மெய்யின் சாட்சி. முடிவில் நோயின் மருந்து. தந்தைக்குத் துயரைக் கொண்டுவந்த அதே வகைப் பொருள்தான் அவருக்கு ஒளியையும் கொண்டுவருகிறது. “பொறுமை வெல்லும்” என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டு மறந்திருப்போம். முதற் சட்டையைக் கையில் வாங்கிய அந்தத் தந்தை, மூன்றாம் சட்டை வரும்வரை எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பதை எண்ணும்போதுதான் பொறுமையின் எடை நம் நெஞ்சில் இறங்குகிறது.

அறிந்தவரும் அறியாதவரும்

கதையில் யார் எதை அறிந்திருக்கிறார், யார் அறியவில்லை என்பது அடுத்துக் கருதத்தக்கது. பாத்திரம் அறியாத ஒன்றைக் கேட்போர் அறிந்திருத்தலை நாடக முரண் என்பர். இவ்வரலாறு முழுவதும் அதனால் நெய்யப்பட்டது.

பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணியக் கண்ட கனவோடு வரலாறு தொடங்குகிறது. முடிவு நமக்குத் தொடக்கத்திலேயே குறிப்பாகத் தரப்பட்டுவிட்டது. ஆகவே, கிணற்றின் இருளிலும் சிறையின் தனிமையிலும் “அடுத்து என்ன?” என்பதைவிட “எவ்வழியாக?” என்பதே நம் வினாவாகிறது. ஓநாய் தின்றுவிடுமோ என அஞ்சுவதாகத் தந்தை வாய்விட்டுச் சொன்ன சொல்லையே சகோதரர்கள் பின்னர்ப் பொய்யாகத் திருப்பிக் கொணர்கிறார்கள். தந்தையின் அச்சமே அவர்களுக்குக் கருவியாயிற்று என்பதை அவர்கள் உணராவிடினும் நாம் உணர்கிறோம்.

பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு வந்த சகோதரர்களை யூசுப் (அலை) அறிந்துகொள்கிறார்கள், அவர்களோ அறியவில்லை. பின்னர் இளைய சகோதரனின் பொதியில் அரசனின் குவளை அகப்பட்டபோது, “இவன் திருடினால் என்ன வியப்பு, இவன் அண்ணனும் முன்பு திருடியவன்தானே” என்னும் கருத்துப்பட அவர்கள் பேசுகிறார்கள். பேசுவது யார் முன்னிலையில்? அந்த அண்ணனின் முன்னிலையிலேயே! யூசுப் (அலை) அதனை மனத்துள் அடக்கிக்கொள்கிறார்கள். அதிகாரம் முழுவதும் கையில் இருக்கையில், கேட்ட பழியை விழுங்குவது எத்தகைய பண்பு! அப்பண்பை விளக்க ஒரு சொற்பொழிவு தேவைப்படவில்லை. யார் அறிந்தார், யார் அறியவில்லை என்னும் அமைப்பே அதனைப் புலப்படுத்திவிடுகிறது. பின்னால் அவர்கள் சகோதரர்களை மன்னிக்கும்போது, அம்மன்னிப்பின் விலை என்ன என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது.

சொல்லாமற் சொல்வது

யூசுப் (அலை) அவர்களின் பேரழகைப் பேசாத நாவில்லை. ஆயினும் அவர்தம் கண் எப்படி, நெற்றி எப்படி என்று அந்த அத்தியாயத்தில் ஒரு வருணனையும் இல்லை. ஊர்ப் பெண்கள் விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் கத்தி தரப்படுகிறது. அவர் வெளியே வருகிறார். அவர்கள் தம் கைகளையே அறுத்துக்கொள்கிறார்கள். அழகைக் கண்டவரின் கையில் வழியும் குருதியைக் காட்டி, அழகை நம் கற்பனைக்கு விட்டுவிடும் முறை இது. அக்காட்சி அத்துடன் கழிந்துவிடவும் இல்லை. அரசன் விடுதலை அளித்து அழைத்தபோது, கைகளை அறுத்துக்கொண்ட அப்பெண்களின் செய்தி என்னவென்று விசாரித்த பின்னரே வருவேன் என்று யூசுப் (அலை) சிறையிலேயே நின்றுவிடுகிறார்கள். அழகைக் காட்ட வந்த நிகழ்ச்சி, நேர்மையை நிறுவும் வழக்காக மாறுகிறது.

அவளுடைய பெயரும் வேதத்தில் இல்லை. சுலைகா என்று நாம் வழங்குவது பிற்கால வழக்கு. கிஸ்ஸா பாடிய புலவர்களும் கதை சொன்ன பெரியோரும் வருணனையை விரித்தனர். அது அவர்தம் கலைக்குரிய உரிமை. மூலமோ சிறையில் கழிந்த ஆண்டுகளை ஒரு வசனத்தின் இறுதியில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. எங்கே நின்று பேசுவது, எங்கே விரைந்து கடப்பது என்னும் தெரிவும் ஓர் உத்தியே.

பாலையில் பெய்த மழை

இக்கண் கொண்டு நம் தமிழ்ப் பெருங்காப்பியத்தையும் நோக்கலாம். 17ஆம் நூற்றாண்டினரான உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கையில், முகில் கடல்நீரை முகந்து மலையில் பொழிய, வெள்ளம் திணைதோறும் பாய்ந்து வயல்களை விளைவிப்பதாகப் பாடுகிறார். “அரபு நாட்டில் ஆறு ஏது, நெல் ஏது? புலவர் நாடறியாமல் பாடிவிட்டார்” என்று குறை கூறுவோர் உண்டு.

புலவர் அறியாமல் பாடினாரா? அதே காப்பியத்தில் சுரத்திற் புனலழைத்த படலம் என ஒன்று இருக்கிறது. வணிகக் கூட்டம் பாலை வெம்மையில் நாவறண்டு வாடுவதையும், அண்ணல் நபி (ஸல்) அவர்களால் நீர் தோன்றுவதையும் அது கூறுகிறது. பாலையை இவ்வாறு பாடத் தெரிந்தவர், நாட்டுப் படலத்தில் வெள்ளத்தைப் பாடியது அறிந்தே செய்த செயல். காப்பியம் நாட்டு வளத்தோடு தொடங்க வேண்டும் என்பது தமிழ் மரபு. அம்மரபை அவர் கைக்கொண்டார். அத்துடன், மழையை அருளின் அடையாளமாகக் கொள்வது நமக்குப் பழகிய ஒன்று. உலகிற்கு ரஹ்மத்தாக வரும் ஒருவரின் வரலாற்றை மழையில் தொடங்குவது எத்துணைப் பொருத்தம்! நிலநூலை அளக்கும் கோலால் காப்பிய மழையை அளப்பவர், புலவர் சொல்லவந்ததைக் கேட்காமலே எழுந்துவிடுகிறார் என்பது நம் துணிபு.

நம் கதைகளின் நிலை

இனி, உரைநடைக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பழம்பெருமை மிக்க குடும்பத்தின் முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தே கிடக்கிறார். வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. “உழைக்காதவன் அழிவான்” என்று ஆசிரியர் எங்கும் முழங்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்காலி ஒரு குடும்பத்தின் சோம்பலையும் வீண் பெருமையையும் சேர்த்துச் சுமக்கிறது. படித்து முடித்தவர் தம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் நாற்காலியையும் ஒருமுறை ஐயத்தோடு நோக்குவர்.

நம் இளம் எழுத்தாளர் பலரின் கதைகளிலோ நல்லவன் முதல் வரியிலிருந்தே நல்லவன். தீயவன் இறுதிப் பக்கத்தில் திடீரெனத் திருந்துவான். இடையில் ஒரு பெரியவர் வந்து இரண்டு பக்கம் உபதேசம் செய்வார். நோக்கம் உயர்ந்தது, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அப்பெரியவர் பேசத் தொடங்கியதுமே கதை மாந்தர் வாய்மூடிவிடுகின்றனர்; கேட்போர் மனமும் மூடிவிடுகிறது. மார்க்க உபதேசத்திற்கு மிம்பர் இருக்கிறது. கதைக்கு ஒரு சட்டை போதும், எழுதுபவர் அதை மூன்று முறை எடுக்கத் தெரிந்தவராக இருந்தால்.

எழுதுவோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்போர் எதைக் கேட்கிறாரோ அதுவே எழுதப்படும். கதையின் முடிவில் நீதியை மட்டும் கேட்கும் இல்லத்திலிருந்து நீதியை மட்டும் எழுதும் எழுத்தாளரே தோன்றுவார். ஸூரா யூசுப் தன் இறுதி வசனத்தில், இவ்வரலாறுகளில் அறிவுடையோர்க்குப் படிப்பினை இருப்பதாகக் கூறுகிறது. படிப்பினை உண்டு; அதை எட்டுவதற்கு அறிவு உழைக்க வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும்.

ஆகவே, பெற்றோரும் ஆசிரியரும் கதை சொல்லி முடித்ததும், “என்ன தெரிகிறது?” என்னும் வினாவைச் சற்றே தள்ளிவைத்து வேறு மூன்று வினாக்களை முதலிற் கேட்கலாம். இக்கதையில் எந்தப் பொருள் மீண்டும் வந்தது? யாருக்குத் தெரிந்தது யாருக்குத் தெரியாமலிருந்தது? எதைச் சொல்லாமல் விட்டார்கள்? இவற்றிற்கு விடை தேடும் பிள்ளை நீதியைத் தானே கண்டெடுக்கும். பிறர் சொல்லித் தந்த நீதி மறந்துபோகலாம். தானே கண்டெடுத்தது மறக்காது. குருதிச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும், “கிழிசல் எங்கே?” என்று கேட்கும் கண்ணையும் அப்பிள்ளை அவ்வாறே பெறும்.