செய்தியின் உடைமையும் உழைப்பும்: மன்னாரை முன்வைத்து ஒரு குறிப்பு

அச்சிதழ்களுக்கும் இணையச் செய்தித் திரட்டிகளுக்குமிடையிலான விவாதம் பெரும்பாலும் ஒழுக்கப் பிரச்சினையாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. திருடியவர் யாரென்று கேட்போர், உற்பத்தி செய்தவர் யாரென்று கேட்பதில்லை. 1918இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அசோசியேட்டட் பிரஸ்ஸின் செய்திகளைப் போட்டி நிறுவனம் எடுத்தாள்வதைத் தடுத்தது. 2021இல் அவுஸ்திரேலியா கூகுள், பேஸ்புக் ஆகியவற்றிடம் இதழ் நிறுவனங்கள் கொடுப்பனவு கோரிப் பேரம்பேசச் சட்டமியற்றிற்று. இரண்டிலும் உடைமையாளரே எதிரெதிர் நின்றனர். நிருபர் கட்சிக்காரர் அல்லர்.

2018இல் மன்னார் நகரின் சதொச வளவில் அகழப்பட்ட புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2019 மார்ச்சில் வெளியான காபன் பரிசோதனை, அனுப்பப்பட்ட சில மாதிரிகளை 15ஆம், 17ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டனவாகக் காட்டிற்று. இத்தகைய செய்தியின் தலைப்பை மாத்திரம் பெயர்த்தெடுக்கும்போது ‘சில மாதிரிகள்’ என்ற சொற்களே முதலில் உதிர்கின்றன. குழியருகே நின்றவரின் உழைப்பு அச்சொற்களிலேதான் இருக்கின்றது.

எனினும் அச்சிதழை இலட்சியப்படுத்துவதற்கில்லை. ‘மன்னார் நிருபர்’ என்ற பொதுப்பெயருள் மனிதரை முதலில் மறைத்தது அதுவே. (போர்க்காலத்தில் அம்மறைப்புக் காப்பாகவும் அமைந்தது, 2006 மே மாதம் உதயன் அலுவலகத்தில் ஊழியர் இருவர் கொல்லப்பட்டனர்.) எஞ்சிய ‘மன்னார்’ என்ற சொல்லையும் திரட்டி அழித்தது.

தாராபுரம் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். காணி, வீடு, வாக்காளர் பதிவு என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டியது அவர்களது மீள்வருகையின் கதை. பிறர் எழுதியதைத் திரட்டுபவருக்கு, எவரும் எழுதாதபோது அங்கே எடுப்பதற்கு எதுவுமில்லை.