ஒண்ணுக்குள்ள ஒண்ணு

தேவனூர் நாட்டில் யாரைக் காட்டி "அவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாலும் மாமன், மச்சான், பங்காளி என்று சுற்றி வந்து, கடைசியில் "எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதாங்க" என்பதில்தான் பேச்சு நிற்கும். கொல்லிமலையின் நாடுகளில் இது ஒன்று. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டதாகக் கதை. அது வரலாறா என்பது வேறு விஷயம். ஒரு கைப்பிடி ஆட்களிலிருந்து பெருகிய கூட்டத்தில் மரபணு வேறுபாடு எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வி அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

அதற்குக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் ரணஜித் சக்ரவர்த்தி (1946–2018). கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் படித்தவர். அந்த நிறுவனத்தை உருவாக்கிய மகலனோபிஸே 1920களில் ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை வைத்துத்தான் புள்ளியியலுக்குள் வந்தார். ஆக, மனிதக் கூட்டங்களை எண்ணால் பிரித்துப் பார்ப்பது அங்கே குடும்பத் தொழில் மாதிரி. ஹூஸ்டனுக்குப் போன சக்ரவர்த்தி, மசதோஷி நெய், தகியோ மருயாமா ஆகியோருடன் 1975இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கூட்டம் சுருங்கி மீண்டும் வேகமாகப் பெருகினால் சராசரி வேறுபாடு அதிகம் குறையாது. ஆனால் அரிய மரபணு வடிவங்கள் காணாமல் போய்விடும் என்கிறது அது. எத்தனை பேராகச் சுருங்கினார்கள் என்பதோடு, பிறகு எவ்வளவு வேகமாகப் பெருகினார்கள் என்பதும் முக்கியம். மூன்று அண்ணன் தம்பிகளின் கதைக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது.

இதே மனிதர் 1991இல் வேறொரு களத்தில் நிற்கிறார். அமெரிக்க நீதிமன்றங்களில் டி.என்.ஏ. பொருத்தத்துக்குக் 'கோடியில் ஒன்று' என்று எண் சொல்லப்பட்ட காலம். ஒவ்வொரு இடத்தின் நிகழ்தகவையும் பெருக்கிக்கொண்டே போனால் அந்த எண் வரும். வெள்ளையர் என்று ஒரே சாக்கில் அடைத்தவர்களுக்குள்ளேயே தனித்தனிக் கூட்டங்கள் உண்டு, அதனால் பெருக்கல் தவறாகலாம் என்று லெவொன்டினும் ஹார்ட்லும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே இதழில் சக்ரவர்த்தியும் கென்னத் கிட்டும் மறுத்தார்கள்: உட்பிரிவால் வரும் பிழை சின்னது, முடிவை மாற்றாது. மனித வேறுபாட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 85 சதவீதம், கூட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இல் காட்டியவர் லெவொன்டின்தான். வேடிக்கைதான்.

யார் சொன்னது சரி? நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெட்டுப்போன மாதிரியில் ஐந்து இடங்கள் மட்டும் படிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு வெவ்வேறு வடிவங்கள், ஒவ்வொரு வடிவமும் மக்களிடம் 10 சதவீதம். வெறும் பெருக்கலில் 31 கோடியில் ஒன்று வருகிறது. ஒதுங்கி வாழும் சிறு கூட்டங்களுக்கென 1996இல் அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை சொன்ன 0.03 திருத்தத்தைப் போட்டால் சுமார் நாலரைக் கோடியில் ஒன்று. ஏழு மடங்கு சரிவு. ஆனாலும் தீர்ப்பு மாறாது. இதுவரை சக்ரவர்த்தி பக்கம்தான் கணக்கு.

கூடப் பிறந்தவன் என்று வைத்துப் பாருங்கள். 379இல் ஒன்று!

இங்கேதான் எனக்கு 1991 கட்டுரையோடு சண்டை. அந்த விவாதம் முழுக்க 'எந்த இனம், எந்த உட்பிரிவு' என்றே ஓடியது. பதிமூன்று இடங்களைப் படித்தால் அண்ணன் தம்பிக்கும் ஏறக்குறைய 50 லட்சத்தில் ஒன்று என்று வந்துவிடும், கவலையில்லை. ஆனால் குற்ற இடத்து மாதிரி எப்போதும் முழுசாகக் கிடைப்பதில்லை. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊரில், சந்தேகிக்கப்படுபவரைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேர் உறவுக்காரர்கள்தான். 31 கோடி என்ற எண் முன்பின் தெரியாத அந்நியனுக்கானது. தேவனூர் நாட்டில் அந்நியன் எங்கே இருக்கிறான்? மலைக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை இது. இந்தியாவின் பல சமூகங்கள் சிலரிலிருந்து பெருகிய தடயத்தைச் சுமப்பதை ஹைதராபாத்தின் தங்கராஜும் டேவிட் ரைக்கும் 2009இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். சமவெளிச் சாதிகளும் அதில் அடக்கம்.

சக்ரவர்த்திக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? 1975இல் எழுதியவரே அவர்தானே. எஃப்.பி.ஐ.யின் புரூஸ் புடோலோடு சேர்ந்து பல கட்டுரைகள் எழுதிய அந்தப் பத்தாண்டில், கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார். கேள்வி குறுகலானது என்பதை உரக்கச் சொல்லவில்லை. அவர் வேலையை மதிப்பதால்தான் இதைச் சொல்கிறேன். புகழ்ந்து எழுதுபவர்கள் ஹூஸ்டன் ஆளையும் நீதிமன்ற ஆளையும் தனித்தனியாக வைத்துவிடுகிறார்கள்.

1996 அறிக்கை இதற்கு ஒரு எளிய வழியும் சொல்லியிருக்கிறது: உறவினர்மேல் சந்தேகத்துக்கு இடமிருந்தால், முடிந்தால் அவர்களையும் சோதித்துவிடுங்கள். இன்னும் இரண்டு மூன்று மாதிரிகள், அவ்வளவுதான் செலவு.