எய்தபின்: வேட்டை எழுத்தில் பிழைத்த குறியும் பங்கும் – கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வேட்டையைப் பொருளாகக் கொண்ட எழுத்துகளைத் திறனாய்வோர் பெரும்பாலும் அம்போ தோட்டாவோ இலக்கைத் தொடும் கணத்தோடு நின்றுவிடுகின்றனர். சங்கப் பாடல்களின் நாட்டம் அக்கணத்திற்குப் பின்னரே விரிகிறது. குறி பிழைத்து விலங்கு தப்பினால் நிகழ்வது யாது, பிழைக்காதபோது ஊன் யாரைச் சென்றடைகிறது என்னும் இரு வினாக்களைக் கொண்டு சங்கப் பாடல்கள், ஜிம் கார்பெட்டின் வேட்டை எழுத்து, கம்பம் பள்ளத்தாக்கின் அண்மைக்கால நிகழ்வுகள் ஆகியவற்றை இக்கட்டுரை வாசிக்கிறது.

திறவுச்சொற்கள்: வேட்டை, கெடுதி வினாதல், சிறுவிட்ட ரைபிள், கம்பம் பள்ளத்தாக்கு, மேகமலை, அரிக்கொம்பன்.

முன்னுரை

வேட்டை எழுத்து தமிழில் தனியொரு வகைமையாக எண்ணப்படவில்லை. சங்கப் பாடல்களில் வருவது குறிஞ்சித் திணையின் கருப்பொருளாகவும் தொழிலாகவும், ஆங்கிலேயர் எழுதியது சாகச இலக்கியமாகவும், இன்றைய காட்டு எழுத்து சூழலியலாகவும் பகுக்கப்பட்டு, மூன்றும் ஒன்றையொன்று பாராத அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. இப்பகுப்பினால் ஓர் இழப்பு நேர்கிறது. தொலைவிலிருந்து ஓர் உயிரைத் தாக்குதல் என்னும் ஒரே செயலை மூன்று எழுத்து மரபுகள் எவ்வாறு வேறுவேறாக எடையிட்டன என்பது நம் பார்வைக்கு வராமலே போகிறது. வீரம், அறம், கொல்லாமை என்னும் பெருஞ்சொற்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, எய்தபின் நிகழ்வதை மட்டும் நோக்கினால் அவ்வேறுபாடு துலங்கும்.

தொலைவைச் சொல்லாத பாடல்

வில்லாற்றலுக்குச் சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படுவது வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாடல். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்குகிறது. இப்பாடலை மிகையுயர்வு நவிற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறிக் கடந்துவிடும் வழக்கம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. இரு செய்திகள் அவ்வாறு கடப்பதால் தவறிவிடுகின்றன. அம்பு எத்துணைத் தொலைவு சென்றது என்பதைப் பாடல் சொல்லவில்லை. ஆற்றலை அளக்கும் கோல் தொலைவன்று, வரிசையாக விழும் உயிர்கள். அவ்வரிசையும் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி, தன் புற்றுக்குள் கிடந்த எளிய உயிரில் முடிகிறது.

இரண்டாவது செய்தி இன்னும் முதன்மையானது. எய்தல் பாடலின் முற்பகுதியோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய பகுதி முழுவதும், இவன் ஓரிதானோ அல்லனோ எனப் பாணர் கூட்டம் ஐயுறுவதும், பாடுவதும், தன் பெயரைக் கேட்டவுடன் அவ்வேட்டுவன் நாணுவதும், மானின் நிணம் கலந்த ஊனும் தேறலும் பொன்னும் மணியும் அளிப்பதுமாக விரிகிறது. ஐந்து விலங்குகள் விழுந்தும் விருந்தாக வந்தது மானின் ஊன் என்பது உற்றுநோக்கத்தக்கது. குறியின் துல்லியம் கொடைக்கு முகவுரையாக மட்டுமே நிற்கிறது. அதே புலவர் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடிய 150-ஆம் பாடலில் எய்யும் காட்சியே இல்லை. மான்களின் குருதி படிந்த காலோடு ஒருவன் வருகிறான். தளர்ந்திருந்த இரவலரைக் கண்டு, தன் இளையர் வந்து சேருமுன் தானே தீக்கடைந்து ஊனைச் சுட்டு உண்ணச் செய்கிறான். பூண்ட அணிகளைத் தந்துவிட்டு, பெயரும் நாடும் உரைக்காமல் போகிறான். வேட்டுவனின் பெயர் கொடைக்குப் பின்னரும் மறைந்திருப்பது இப்பாடலின் அழகு.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு அணித்தான சான்று 205-ஆம் பாடல். கோடைமலைத் தலைவன் கடியநெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியது அது. கோடைமலையைக் கொடைக்கானல் மலைத்தொடராகக் கொள்வது வழக்கு. மான்கணத்தை அழிக்கும் விரைந்த நாய்களையும் வலிய வில்லையும் உடையவன் என்று அவனைச் சொல்லும் புலவரின் மனக்குறை, அவன் பரிசில் தராது காலம் தாழ்த்தினான் என்பதே. பெயரிலேயே வேட்டையைத் தாங்கிய தலைவன், குறி பிழைத்ததற்காக அன்று, பங்கு தாழ்த்ததற்காகப் பாடலில் நிறுத்தப்படுகிறான்.

பிழைத்த குறி

அகப்பாடல்களோ பிழைத்த குறியையே கதையின் வாயிலாகக் கொள்கின்றன. தன் அம்பு தைத்துத் தப்பிய யானையோ மானோ இவ்வழி வந்ததா எனத் தினைப்புனத்து மகளிரிடம் தலைவன் கேட்பது கெடுதி வினாதல் எனப்படும். அம்பு முற்றும் தைத்து விலங்கு அங்கேயே வீழ்ந்திருந்தால் அவனுக்குப் புனத்திற்கு வரக் காரணமே இராது. மரபு இதனைத் தலைவனின் குறையாகக் கருதவில்லை. வினா ஒரு பொய்யான சாக்கு என்பதும் தோழிக்குத் தெரியும், கேட்போருக்கும் தெரியும். ஆயினும் புண்பட்ட விலங்கைத் தேடிச் செல்வது வேட்டுவனின் கடமை என்னும் பொதுவான ஏற்பு இல்லாவிடில் அச்சாக்கே செல்லுபடியாகாது. உரையாசிரியர்கள் இக்கூற்றின் நாடகத் தன்மையை நன்கு விளக்கினர். அதன் அடியிலுள்ள தொழிலொழுக்கத்தைப் பெரிதும் பேசவில்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இதனை மேலும் நுட்பமாக்குகிறது. அங்குக் கிளியோட்டும் மகளிர் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் உள்ளன. புனங்காவலில் தொலைவிலிருந்து செய்வன எல்லாம் கொல்வதற்கல்ல, விரட்டுவதற்கே. பின்னர் மதங்கொண்ட யானை எதிர்ப்படும்போது தலைவன் அதன் முகத்தில் அம்பு தைக்க எய்கிறான். குருதி வழிய அது புறங்கொடுத்து ஓடுகிறது. கபிலர் யானையைக் கொல்லவில்லை. மகளிரைக் காத்தல் நிறைவேறியது, விலங்கும் காட்டுக்குள் மீண்டது.

வள்ளுவர் படைச்செருக்கில் (குறள் 772) முயலைத் தப்பாது எய்த அம்பினும் யானைக்குத் தப்பிய வேல் இனிது என்பதும் பிழைத்த குறியைப் போற்றுவதே. அது போர்வீரனின் செருக்கைக் கூறுவதேயன்றி வேட்டைக்கு விதியன்று. அதே ஆசிரியர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர். எனினும் சிறிய இலக்கில் பெறும் துல்லியம் தன்னளவில் பெருமையாகாது என்னும் எண்ணம், துல்லியத்தையே பொருளாகக் கொண்ட பிற்கால எழுத்தோடு ஒப்பிட உதவுகிறது.

சிறுவிட்டத் தோட்டாவும் கார்பெட்டின் வழக்கும்

துப்பாக்கி வந்தபின் குறி பிழைத்தல் ஒரு பொறியியல் வினாவாக மாறிற்று. ரைபிள் குழலின் உள்விட்டம் சிறிதாயின் தோட்டா இலேசானது, பின்னுதைப்பு குறைவு, சுடுவோன் கை நடுங்காமல் குறி வைக்கலாம். ஆனால் விலங்கின் உடலில் அது செய்யும் அழிவும் குறைவாதலால், தைக்குமிடம் சற்று விலகினாலும் விலங்கு புண்ணோடு தப்பும். ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைப் பெரும்பாலும் 7 மி.மீ. ரைபிளாலேயே வீழ்த்தியவர். உள்ளுறுப்பின் இருப்பிடம் அறிந்தவனுக்குப் பெருந்தோட்டா வேண்டியதில்லை என்பது அவர் தரப்பு. அதனை மறுத்தோர், எல்லோரும் பெல் அல்லர் என்றனர். இலக்குச் சுடுதலுக்குப் பயன்படும் .22 ரைபிளில் இச்சிக்கல் இன்னும் வெளிப்படை: 50 கஜத்திற்குச் சரிசெய்த பார்வையோடு 100 கஜத்தில் சுட்டால் சாதாரணத் தோட்டா 6 முதல் 7 அங்குலம் தாழ்ந்துவிடும். அட்டையில் அது ஓர் எண்ணிக்கைக் குறைவு. முயலின் உடலில் அது நெஞ்சுக்கும் முறிந்த காலுக்கும் உள்ள வேறுபாடு.

கார்பெட் இவ்விவாதத்தின் நடுவில் நிற்பவர். சம்பாவத் ஆட்கொல்லியை 1907-இல் கொன்றதற்குப் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி ரைபிளும் 7 மி.மீ. வகையைச் சேர்ந்ததே, ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-இல் வீழ்த்தியதும் அவ்விட்டத் தோட்டாவே. 1944-இல் வெளிவந்து, பின்னர் தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ எனத் தமிழில் வந்த அவரது நூலை நம் வாசகர் துணிவுக் கதைகளாகவே வாசித்தனர். நூலின் அடிப்படை வழக்கு அதுவன்று. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியின் வலப்புற மேல், கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் முறிந்திருந்ததை அவர் பதிவு செய்கிறார். இயல்பான இரையைக் கொல்ல இயலாமல் அது மனிதரை நாடியதற்கு அதனையே காரணமாகக் காட்டுகிறார். புலி ஆட்கொல்லியாவதற்குரிய காரணங்களுள், கவனமின்றிச் சுட்டுப் புண்படுத்திவிட்டுத் தேடிச் சென்று முடிக்காமல் விடுவதை முன்னிலைப்படுத்துகிறார். அதாவது, கார்பெட்டின் எழுத்து முழுவதும் வேறொருவனின் பிழைத்த குறிக்குச் செலுத்தப்படும் கடன். குறிஞ்சித் தலைவன் கேட்ட கெடுதி வினாவை இங்கு எவனோ ஒருவன் கேட்காமல் போனான். அதன் விலையை ஊர்கள் கொடுத்தன.

பங்கு என்னும் வினாவில் கார்பெட் தடுமாறுகிறார் என்றே கூற வேண்டும். புலியின் நீளமும் தோலும் வேட்டைக்காரருக்குரியன. ஊர்மக்களுக்கு எஞ்சுவது அச்சத்திலிருந்து விடுதலை. அவ்விடுதலை சிறிய கொடையன்று, அவர் அன்பும் பொய்யன்று. ஆனால் பெயர் மறைத்துச் சென்ற நள்ளிக்கும், தன் பெயரால் ஒரு வகைமையே உருவாகக் காரணமானவருக்கும் இடையிலுள்ள தொலைவைத் திறனாய்வு குறித்துக்கொள்ள வேண்டும். இந்நோக்கில் கென்னத் ஆண்டர்சனின் பைரா என்னும் பூசாரி விதிவிலக்கானவர். தடம் காட்டும் காட்டுவாசி பெயரும் குணமும் பெற்று, சுடுபவரோடு ஒப்ப நிற்கும் அரிய இடம் அது.

கம்பம் பள்ளத்தாக்கு

கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. நடுவே 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் நீரால் விளையும் நெல்லும் திராட்சையும். மலைக்கு அப்பால் 1934-இல் நெல்லிக்காம்பட்டிக் காப்பிடம் அமைந்தது. இப்பால் 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காடும் வயலும் இவ்வளவு நெருங்கியிருக்கும் நிலத்தில் வேட்டை நெடுங்காலம் காவலின் மறுமுகமாகவே இருந்திருக்கும். கருவிகளும் அவ்வாறே: பரண், கவண், சுருக்கு, கருமருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி. மதுரை வட்டாரக் கள்ளரிடையே வளைதடி திருமணத்தில் பரிமாறப்பட்ட செய்தியை எட்கர் தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுதிகள் தருகின்றன. முயலை எறியும் கருவி உறவைக் கட்டும் பொருளாகவும் இருந்தது. தொலைநோக்கி பொருத்திய ரைபிளின் உலகம் இம்மண்ணுக்கு அயலானது. அது தோட்ட முதலாளிகளோடும் அதிகாரிகளோடும் மலையேறியது.

அவர்களுள் எழுதியவர்களும் உண்டு. மேகமலையில் வாழ்ந்த ஆங்கஸ் ஹட்டன் அம்மலையின் பாலூட்டிகளைப் பற்றி 1949-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் சேகரித்த ஒரு பழந்தின்னி வௌவால், வேறோர் இனமென எண்ணப்பட்டுக் கழகச் சேகரிப்பிலேயே கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா 1972-இல் அதனைப் புதிய பேரினமாக விவரித்து சாலிம் அலியின் பெயரை இட்டார். எய்தபின் என்னும் வினாவுக்கு இது மூன்றாவது விடை: உடல் உணவாகவில்லை, கோப்பையாகவும் சுவரில் தொங்கவில்லை, பெயருக்காக 24 ஆண்டுகள் காத்திருந்தது. பழந்தின்னிகளைப் பளியர் எப்பெயரிட்டு வழங்கினர் என்பதை நம் நாட்டார் வழக்காற்றியல் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. பங்கு பற்றியும் சட்டம் பேசுகிறது. 39-ஆம் பிரிவின்படி கொல்லப்பட்ட வனவிலங்கு அரசின் உடைமை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி தொடர்பாக வெளியிட்ட ஆணை, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை, 3 கி.மீ. வரை, அதற்கு அப்பால் எனத் தொலைவுகளை வகுத்து, மூன்றாம் பகுதியில் மட்டும் பயிற்சி பெற்ற வனப்பணியாளர் சுடலாம் என்கிறது. ஓரியின் பாடல் சொல்லாமல் விட்ட தொலைவை ஆணை கிலோமீட்டரில் சொல்கிறது. பாடல் விரித்துரைத்த விருந்துக்கு அதில் இடமில்லை. இதனைக் குறையாகச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஊனுக்கு விலை கிடைக்கும் சந்தை உள்ளவரை சட்டம் வேறுவிதமாக இருக்கவும் முடியாது. அவுட்டுக்காய் கடித்துத் தாடை சிதைந்து பல நாள் அலையும் விலங்கைப் பற்றி எந்தக் கெடுதி வினாவும் எழுவதில்லை என்பதும் உண்மையே.

பள்ளத்தாக்கின் மிக அண்மைய வேட்டைக் கதை கொலையில் முடியாதது. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் மலையாளத்தில் அரிக்கொம்பன் எனப்பெயர் பெற்ற யானை, 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை பூட்டப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. மே இறுதியில் அது மலையிறங்கிக் கம்பம் நகருக்குள் நுழைந்தது. காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். நகரில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. ஜூன் 5 அன்று மீண்டும் மயக்க ஊசி. மயக்க ஊசித் துப்பாக்கியும் தொலைவும் குறியும் சார்ந்ததே. ஆனால் அது விலங்கின் அருகே செல்லக் கட்டாயப்படுத்துகிறது, மருந்து வேலை செய்யும்வரை பின்தொடரவும் வைக்கிறது. எய்தவர் விட்டுப்போக முடியாத எய்தல் அது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அந்நாள்களை வேட்டைக் கதையின் பரபரப்போடே எழுதின. ஊசி தைத்ததும் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்கோதையாற்றுப் பகுதியில் விடப்பட்ட பின்னரும், யானை எங்கே நிற்கிறது, தின்கிறதா, புண் ஆறியதா என்று இரு மாநிலத்து மக்களும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தனர். வனத்துறை ரேடியோ பட்டையின் குறிப்பையும் படங்களையும் வெளியிட்டு விடை சொல்லிக்கொண்டிருந்தது.