தேர் போகும் சாலையில் பூசம் எங்கே?

தைப்பூசத்துக்கு முந்தின நாள், 1894 முதல் ஓடிவரும் நகரத்தார் வெள்ளித் தேர் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். டத்தோ கிராமாட் சாலையில் அது வரும்போது தேங்காய் சிதறும், உறுமி முழங்கும், பிள்ளைகள் அப்பாவின் தோளில் ஏறிக்கொள்வார்கள். எல்லார் கண்ணும் தேரின் மேல்தான். திருவிழாவுக்குப் பெயர் தந்த பூசமோ தலைக்கு மேலே, கேட்பாரற்றுக் கிடக்கிறது.

பூசம் என்பது கடக ராசியில் மங்கலாக மின்னும் சில விண்மீன்கள். அவற்றை ஒட்டி ஒரு கொத்து உண்டு. தேன்கூட்டுக் கொத்து என்பார்கள். வெறுங்கண்ணுக்குப் புகைத் திட்டாகத் தெரிவதை 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியால் பார்த்து, நாற்பதுக்கும் மேற்பட்ட விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். நகர வெளிச்சத்தில் அந்தத் திட்டுகூடத் தெரியாது. ஆனால் சாதாரண பைனாகுலர் போதும். பூச நாளில் முழுநிலா பக்கத்திலேயே நின்று கண்ணைக் கூச வைக்கும் என்பதால், ஒரு வாரம் பொறுத்து, நிலா நள்ளிரவை ஒட்டி எழும் இரவில் பார்ப்பது உத்தமம். சுமார் 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன்கள், உப்பைச் சிதறிவிட்டாற்போல் வட்டத்துக்குள் வந்து விழும்.

பிள்ளைக்கு வானம் காட்ட நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது தொலைநோக்கியின் விலையை. தமிழ் வீட்டில் அதற்கும் முந்திய கருவி சுவரிலேயே தொங்குகிறது. நாள்காட்டியில் 'இன்று ரோகிணி' என்று போட்டிருந்தால், வானத்தை 27 பங்காக வகுத்ததில் ரோகிணியின் பங்கில் இன்று நிலா நிற்கிறது என்று பொருள். அந்தப் பக்கம் தேடினால் செம்மஞ்சளாக ஒரு விண்மீன் தெரியும். மகத்தன்று சிம்மத்தின் தலைமீனும், சித்திரையன்று கன்னியின் வெண்ணிற மீனும், கேட்டையன்று தேளின் சிவந்த நெஞ்சும் நிலாவுக்கு அண்டை வீட்டார். பங்கு சமமாக வகுக்கப்பட்டது, விண்மீன்கள் அப்படி இல்லை; ஆகவே சில நாள் சற்றுத் தள்ளியிருக்கும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று விரலை நீட்டி அளக்கச் சொன்னால், நிலா தினமும் கிழக்கே நகர்வதைப் பிள்ளை ஒரே மாதத்தில் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

நிலாவைக் கருவியில் பார்க்கப் பௌர்ணமி ஏற்ற நாளல்ல. அன்று ஒளி நேராக விழுவதால் பள்ளமும் மேடும் தட்டையாகிவிடும். வளர்பிறை அஷ்டமிதான் ருசியான நாள். பாதி நிலாவின் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு குழிக்கும் கருநிழல் இருக்கும்; அடுத்த நாள் அந்தக் கோடு நகர்ந்து வேறு குழிகளைக் காட்டும். பள்ளி நாளானாலும் கவலையில்லை, அஷ்டமி நிலா இருட்டும்போதே உச்சிக்கு வந்திருக்கும்.

பைனாகுலரின் மேல் 8×42, 10×50 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பெரியவர்கள் ஆசைப்படும் 10×50 பிள்ளையின் கையில் கனத்து நடுங்கும். 8×30 அல்லது 7×35 இலகுவானது. சில நூறு ரிங்கிட்டுக்குள் நல்லதாகவே கிடைக்கும். கடையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பல பைனாகுலர்கள் 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடங்குவதில்லை. ஆறேழு வயதுப் பிள்ளையின் இரு கண்மணிகளுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்காது. கூட்டிப்போய் வைத்துப் பார்க்கச் சொன்னால், 'ஒரு வட்டம்' என்கிறதா 'ரெண்டு வட்டம்' என்கிறதா என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

வாங்கியதும் சோதித்துப் பார்க்க அருந்ததியைவிடப் பொருத்தமான இலக்கு இல்லை. கல்யாண மண்டபத்தில் பட்டப்பகலில் ஐயர் கூரையைக் காட்ட, மணமக்களும் தலையாட்டிவிட்டு வருவார்கள். மே மாதம் இரவு ஒன்பதரை மணிக்கு அதே அருந்ததி பினாங்கின் வடவானில் நிஜமாகவே காத்திருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் கைப்பிடியில் நடுவே நிற்பவர் வசிட்டர். பைனாகுலரில் அவரை ஒட்டிச் சிறிதாக அருந்ததி. சிறிய தொலைநோக்கி வந்துவிட்டால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார்.

அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகை வடக்கே இருப்பதால் கிடைத்த சலுகை இது. சென்னையில் அடிவானத்திலிருந்து 17 பாகைதான் ஏறும் சிலுவை இங்கே 25 பாகை வரை ஏறுகிறது. அடுக்குமாடியின் தெற்குப் பார்த்த நடைபாதையிலிருந்தே தெரியும். இதற்கு ஈடாகத் துருவ நட்சத்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்: அது வெறும் ஐந்து பாகை உயரத்தில், கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிறது. ஐரோப்பாவுக்கென்று அச்சடித்த சுழலும் வான்படத்தை இங்கே வாங்கிப் பயனில்லாததும் அதனால்தான். ஸ்டெல்லேரியம் செயலியில் ஜார்ஜ் டவுன் என்று ஊரைத் தேர்ந்தால் இங்குள்ள வானம் திரையில் விரியும்.

தொலைநோக்கிக்கு வருவோம். பேரங்காடிப் பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் தாண்டிப் போய்விடலாம். முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் அளவைப்போல் இரண்டு பங்குக்கு மேல் பெருக்கினால் பிம்பம் கலங்கிவிடும். 60 மில்லிமீட்டர் குழாய்க்கு 120 மடங்கே எல்லை. வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்ட கலிலியோவின் குழாய் ஏறக்குறைய இருபது மடங்குதான் பெருக்கியது. மலிவுக் கருவியில் பெரும்பாலும் சொதப்புவது கண்ணாடியைவிட முக்காலி. விரல் பட்டாலே நிலா குதிக்கும்.

அந்த வகையில் மேசைமேல் வைக்கும் சிறிய டாப்சோனியன் தொலைநோக்கிக்கு நிகரில்லை. முக்காலி கிடையாது. மரத்தட்டின் மேல் குழாய் பீரங்கிபோல் உட்கார்ந்திருக்கும். இடவலமாகவும் மேல்கீழாகவும் தள்ளினால் வழுக்கிப்போய் நிறுத்திய இடத்தில் நிற்கும். பன்னாட்டு வானியல் ஆண்டான 2009இல் வந்த 76 மில்லிமீட்டர் பர்ஸ்ட்ஸ்கோப் இந்த இனம்தான். இனத்துக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன் ராமகிருஷ்ண மரபில் சேர்ந்து கலிபோர்னிய வேதாந்த மடத்தில் இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார், அட்டைக் குழாயில் பொருத்தினார், தெருவில் வைத்துப் போவோர் வருவோரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தத் தொலைநோக்கி வேலையே காரணமாக மடம் 1967இல் அவரை வெளியே அனுப்பியது. மறு ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் என்ற குழு பிறந்தது.

முதல்முறை கண்ணை வைக்கும் பிள்ளை குழாயைக் கட்டிப்பிடிக்கும், தவறான கண்ணை மூடும். பிறகு, "அப்பா, நிலா ஓடுது!" என்று கத்தும். ஓடுவது நிலா இல்லை, நாம் நிற்கும் பூமி. நான்கு நிமிடத்தில் ஒரு பாகை என்ற கணக்கில் அது திரும்புவதைக் குழாய் பெருக்கிக் காட்டுகிறது. நிலாவைத் தன் கையாலேயே தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கருவி வசப்பட்டுவிட்டது. சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது. மலிவுக் கருவியோடு வரும், கண்வில்லையில் திருகும் கறுப்புச் 'சூரியக் கண்ணாடி' சூட்டில் வெடிக்கக்கூடியது; பெட்டியைத் திறந்ததும் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

பினாங்கில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரிதான் தொடங்க நல்ல காலம். இரவு பத்து மணிக்கு மிருகசீரிடமும் திருவாதிரையும் சேர்ந்த வேட்டைக்கார மண்டலம் ஏறத்தாழ நடு உச்சியில் இருக்கும். பாய் விரித்துப் படுத்துப் பார்க்கலாம். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் தீவின் மேற்கே பாலிக் புலாவ் பக்கம் போக வேண்டும். பிறை பார்க்கும் ஷேக் தாஹிர் வானியல் மையமும் அந்தப் பக்கம் பந்தாய் ஆச்சேயில்தான் இருக்கிறது.

சிறிய குழாயின் உச்சப் பரிசு சனி. ஐம்பது மடங்கிலேயே வளையம் தெரியும். 2025 மார்ச்சில் அது நமக்குப் பக்கவாட்டில் திரும்பி, கோடாக மெலிந்துபோனது. ஆண்டுக்காண்டு அகன்று 2032 வாக்கில் நன்றாக விரியும். 2026இல் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை அப்போது படிவம் ஒன்றில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சனியை நோட்டில் வரைந்து தேதி போட்டுவந்தால், ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டிலும் வளையம் அகன்ற கதை அதன் கையெழுத்திலேயே இருக்கும்.