வினாத்தாளைத் தொடாத பயிற்சி

1986இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. மறு ஆண்டே, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்று பல்கலைக்கழக மானியக் குழு தனி மையங்களைத் தொடங்கியது. பெயர்கள் மாறி, 2023 முதல் அவை மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. அவற்றின் பயிற்சிக் கருப்பொருள்களில் ஆய்வும் ஒன்று. ஆனால் மாணவருக்கு ஆராயக் கற்றுத்தரும் ஆசிரியரை இந்த ஏற்பாடு உருவாக்குகிறதா?

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சிற்றூர்க் கல்லூரியில் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள துறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, தன் பாடத்தைப் பற்றி வேறு ஊர் ஆசிரியர்களுடன் இரண்டு வாரம் பேசக் கிடைப்பதே பெரிய காரியம். முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பதைக்கூடச் சிலர் இங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சிக்கல் பயிற்சியின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. ஆய்வு என்ற தலைப்பில் நடக்கும் அமர்வுகள் பெரும்பாலும் புள்ளியியல் மென்பொருள், மேற்கோள் முறை, எந்த இதழில் கட்டுரை வெளியிடலாம் என்பவற்றையே சுற்றிவருகின்றன. எல்லாம் ஆசிரியரின் சொந்த ஆய்வுக்கானவை. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைக் கணக்கிடும் முறை இருக்கும்வரை அவர் அதைத்தான் கேட்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இளங்கலை மாணவர் மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆய்வு நெறிமுறைகளுக்கான கட்டாயப் பாடத்தையும் 2019இல் முனைவர் பட்ட மாணவர்களுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு வரலாற்று வகுப்பை எடுத்துக்கொள்வோம். 'சோழர் ஆட்சிமுறை பற்றி எழுதுக' என்பது வழக்கமான அசைன்மென்ட். நோட்ஸில் இருப்பதை மாணவர் பார்த்து எழுதுகிறார். அதற்குப் பதில், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைக் கையில் கொடுக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கான ஆடல் மகளிரின்) பெயர்ப் பட்டியல் அதில் இருக்கிறது. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஐம்பது பேரை எடுத்து ஊர்வாரியாக அட்டவணை போடு, ஊர்களை வரைபடத்தில் குறி, இந்தப் பட்டியலை வைத்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று இரண்டு பக்கம் எழுது என்று கேட்டால், அந்த இருபது வயது மாணவர் முதல்முறையாக ஒரு சான்றோடு மல்லுக்கட்டுவார். இந்த வேலையை வடிவமைப்பது எப்படி, அறுபது பேரின் தாள்களை ஒரு வாரத்தில் திருத்துவது எப்படி, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பவைதான் பயிற்சியில் பேசப்பட வேண்டியவை.

பேசினாலும் போதாது. இணைப்புக் கல்லூரி ஆசிரியரின் கையில் இருப்பது இன்டர்னல் மார்க் மட்டும். பல பல்கலைக்கழகங்களில் அது 25. மீதி 75 பல்கலைக்கழக வினாத்தாளுக்கு. அந்தத் தாள் 'விவரி' என்றே கேட்டுக்கொண்டிருந்தால், கல்வெட்டோடு ஒரு மாதம் செலவிட்ட மாணவருக்கு நஷ்டம்தான். வினாத்தாளைத் தானே தயாரிக்கும் உரிமை தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு உண்டு. தமிழகத்தில் 1978 முதல் அத்தகைய கல்லூரிகள் இருக்கின்றன. மாற்றத்தை அங்கே தொடங்கியிருக்கலாம். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களை ஒரு துறையாகவே சேர்த்து அழைத்தால், பயிற்சியில் எடுத்த முடிவு அடுத்த பருவத் தேர்விலேயே தெரியும். இப்போது ஒருவர் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறார்.

நூலகரும் வெளியே நிற்கிறார். அவருக்கு நூலக அறிவியலில் தனிப் புத்தொளிப் பயிற்சி நடக்கிறது. தரவுத்தளத்தில் தேடத் தெரிந்தவர் ஓர் அறையில், தேடச் சொல்ல வேண்டியவர் இன்னோர் அறையில். 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கும் நேரத்தில், இந்தப் பிரிவினையின் இழப்பு இன்னும் பெரிது.

பயிற்சி முடிவில் சான்றிதழுக்கு ஈடாக மாற்றி எழுதிய ஓர் அசைன்மென்ட்டையும் மதிப்பெண் திட்டத்தையும் கேட்கலாம். ஒரு பருவம் கழித்து, மாணவர் எழுதிய மூன்று தாள்களோடு அதே குழு மீண்டும் கூடலாம். அப்படிக் கூடும்போது கௌரவ விரிவுரையாளர்களும் அங்கே இருக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் கணிசமான வகுப்புகளை அவர்களே நடத்துகிறார்கள். பதவி உயர்வே இல்லாத அவர்களுக்கு இந்தச் சான்றிதழால் பயன் எதுவும் கிடையாது. பயிற்சி நாட்களுக்கு ஊதியம் கொடுத்துத்தான் அவர்களை அழைக்க வேண்டும்.