பாடி நடித்தவர்கள்

மீன்சுருட்டியில் பஸ் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் குழு நடத்திய ஊர் அது. அவருடைய 'தாரா சசாங்கம்' பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்காகத் தனி ரயிலே ஓடியதாகச் சொல்வார்கள். 'பாலாமணி ஸ்பெஷல்' என்று அதற்குப் பெயர். அங்கிருந்து மேற்கே, காவிரிக் கரையில் திருவையாறு. தமிழின் முதல் பேசும்பட நாயகி டி. பி. ராஜலட்சுமி 1911இல் அங்கே பிறந்தார்.

நம் சினிமா வரலாறுகள் பலவும் மேடையை ஒரு பத்தியில் முடித்துவிட்டுப் படத்துக்குத் தாவிவிடுகின்றன. நாடகத்தையும் சினிமாவையும் ஒரே ஓட்டமாகப் பார்க்கக் கற்றுத்தந்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அந்த வழியில் நின்று பார்த்தால், பாடி நடித்த பெண்களுக்கு இருந்த செல்வாக்கு சினிமா கொடுத்ததல்ல என்பது தெரியும். மேடையில் சம்பாதித்ததைத்தான் அவர்கள் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்பெஷல் நாடகத்தின் நடைமுறையே இதற்குச் சாட்சி. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி அழைத்துவருவார்கள். ஒத்திகை கிடையாது, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான். 'வள்ளி திருமண'த்தில் தர்க்கம் சூடேறிவிட்டால் எதிரே நிற்பவர் எதை எடுத்துப் பாடுவார் என்று யாருக்கும் தெரியாது. பதில் அந்தக் கணமே வர வேண்டும். மைக் இல்லாத கொட்டகையில் தரை டிக்கெட்டின் கடைசி ஆளுக்கும் சொல் சிதையாமல் போய்ச்சேர வேண்டும். இத்தனையும் கைவந்த பெண், சம்பளத்தைத் தானே பேசி வாங்கினாள்.

ராஜலட்சுமியின் துணிச்சல் அங்கே விளைந்தது. சிறுவயதுக் கல்யாணம் நிலைக்காமல் போக, மேடைக்கு வந்தவர். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தில் அவர் தமிழ் பேசினார், நாயகன் தெலுங்கு பேசினார். காளிதாசன் கதையின் நடுவே காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டும் வந்தது. கதைக்கு ஒட்டாத பாட்டுத்தான். ஆனால் தேசியப் பாட்டைக் கேட்டுக் கொட்டகையே ஆர்ப்பரித்த காலம் அது, அந்தப் பழக்கம் திரைக்கும் வந்தது. 1936இல் தன் நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கி, தமிழின் முதல் பெண் இயக்குநரானார். 'காளிதாஸ்' பிரதி இன்று இல்லை. அந்த இழப்பை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் கதை இன்னும் ஆழமானது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் சேர்ந்து பாடிய மேடைகளுக்குத் தமிழகத்திலும் இலங்கையிலும் கூட்டம் திரண்டது. 1933 டிசம்பரில், அவருடைய கணவருமான கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 'நந்தனார்' படத்துக்கு அழைப்பு வந்தபோது, வந்தவர்கள் திரும்பிப் போகட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். கொடுத்துவிட்டார்கள். 1935இல் வெளியான அந்தப் படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் அவர். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். துக்கத்தில் எடுத்த உறுதியையே அவர் தன் தொழிலின் வரம்பாக வைத்துக்கொண்டார். பிறகு 'மணிமேகலை', 1953இல் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். காதலுக்கு இடமே இல்லாத வேடங்கள். காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், 1951இல் சென்னை மேலவை உறுப்பினரும் ஆனார்.

இதற்கிடையே 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஏவி. மெய்யப்பன் ஒரு நடிகைக்கு வேறொருவர் குரலைச் சேர்த்திருந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. அழகிய முகத்துக்குக் குரல் தேவையில்லை, நல்ல குரலுக்கு முகம் தேவையில்லை. லதா, சுசீலா போன்ற மேதைகள் இந்த ஏற்பாட்டால் கிடைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாட்டும் நடிப்பும் ஒரே ஆளிடம் இருந்தபோது ஒரு நடிகைக்கு இருந்த பேரம் பேசும் பலம் இரண்டாகப் பிரிந்தது. தன் பாட்டைத் தானே பாடுவேன் என்று பிடிவாதமாக நின்ற பி. பானுமதி போன்றவர்கள் மிகச் சிலர்.

சுந்தராம்பாளும் கடைசிவரை அப்படியே இருந்தார். 1969இல் வந்த 'துணைவன்' படத்தில் திரையில் தோன்றிப் பாடியதற்காகத் தேசிய விருது கிடைத்தது. விருதுப் பட்டியலில் அவரைச் சேர்க்க இருந்த இடம், சிறந்த பின்னணிப் பாடகி.