அழகர்கோவில் கட்டுரைகளில் சுட்டுப்பெயர்கள்

அவர், இவர், அது, இது, அவர்கள் முதலிய சுட்டுப்பெயர்கள் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க உதவுபவை. அழகர்கோவில் பற்றி இணையத்துக்காக எழுதப்படும் அறிமுகக் கட்டுரைகளில் இச்சொற்களே பல இடங்களில் பொருளைக் குழப்புகின்றன. இதற்கு நடைக்குறை மட்டும் காரணமல்ல. மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலையின் அடிவாரத்தில் உள்ள இத்தலத்தில் ஒரே இறைவனுக்குப் பல பெயர்கள் உண்டு. ஒரே மலையில் பல தெய்வங்கள் உண்டு. ஒரே திருவிழாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் சுட்டை வைத்தால் இங்கே செய்தியே மாறிவிடும்.

மூலவரும் உற்சவரும்

அழகர்கோவிலின் மூலவர் பரமசுவாமி. உற்சவர் சுந்தரராஜப் பெருமாள். கள்ளழகர் என்று மக்கள் அழைப்பது இவரையே. சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வந்து வைகையில் இறங்குபவர் உற்சவர். மூலவர் மலையடிவாரத்திலேயே இருக்கிறார். “மூலவர் பரமசுவாமி நின்ற கோலத்தில் உள்ளார். இவர் சித்திரையில் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குகிறார்” என்று ஒரு கட்டுரை எழுதினால், இரண்டு வாக்கியங்களும் இலக்கணப்படி சரியானவையே. ஆனால் கோவிலை அறியாத மாணவர் மூலவரே ஆற்றுக்கு வருவதாக எண்ணுவார். ‘இவர்’ என்பதை ‘உற்சவரான கள்ளழகர்’ என்று மாற்றினால் பிழை மறைகிறது.

இடத்தைச் சுட்டும் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. அழகர்கோவில் 108 வைணவத் திவ்யதேசங்களுள் ஒன்று. அதே மலையின் மேலுள்ள பழமுதிர்ச்சோலை முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. இரண்டையும் ஒரே பத்தியில் ‘இத்தலம்’ என்றே குறித்தால் பெருமாள் கோவிலே படைவீடாகிவிடும்.

‘அவர்’ என்னும் சொல்லின் பரப்பு

அவன், அவள் என்னும் சொற்கள் பாலையும் எண்ணையும் காட்டிவிடுகின்றன. மரியாதைக்குரிய ‘அவர்’ இரண்டையும் காட்டுவதில்லை. ஆண், பெண், பலர் என அனைவருக்கும் அது பொருந்தும். தெய்வங்களையும் மன்னர்களையும் பற்றிய கட்டுரையில் ஏறக்குறைய எல்லோரும் ‘அவர்’ ஆகிவிடுவதால் குழப்பம் பெருகுகிறது.

அழகர் மீனாட்சியின் அண்ணன் என்றும், தங்கையின் திருமணத்துக்குத் தாமதமாக வந்து கோபத்துடன் திரும்பினார் என்றும் மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தரவே அழகர் வருகிறார் என்பது கோவில் சார்ந்த கதை. “மீனாட்சி சுந்தரேசுவரரை மணந்தார். அதை அறிந்ததும் அவர் ஆற்றோடு திரும்பினார்” என்ற வாக்கியத்தில் திரும்பியவர் யார் என்பது ஏற்கனவே கதை தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். அப்படிப்பட்டவருக்கு அறிமுகக் கட்டுரையே தேவையில்லை.

‘இவர்கள்’ யார்?

பன்மைச் சுட்டில் ஏற்படும் பிழை இன்னும் தீவிரமானது. கோவிலைக் கவர வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் கொல்லப்பட்டுப் படிகளின் கீழ் புதைக்கப்பட்டனர் என்பது பதினெட்டாம்படிக் கருப்பசாமி பற்றி வழங்கும் கதை. மதுரைப் பயணத்தில் அழகர் கள்ளர் வேடம் பூணுவதும் இக்கோவிலோடு கள்ளர் சமூகத்துக்குள்ள உறவும் வேறு செய்திகள். இரண்டையும் ஒரே பத்தியில் சுருக்கி, “இவர்கள் கோவிலைக் கொள்ளையிட வந்தனர்” என்று முடித்தால், கதையில் வரும் மந்திரவாதிகளின் செயல் இன்று வாழும் ஒரு சமூகத்தின் மேல் ஏறிவிடும். அந்த வரியைப் பிறர் படியெடுக்கும்போது முந்தைய வாக்கியங்கள் உடன் போவதில்லை.

தொ. பரமசிவனின் ‘அழகர்கோயில்’ என்னும் ஆய்வு நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. கோவிலுக்கும் வெவ்வேறு சமூகங்களுக்கும் உள்ள உறவுகளை அந்நூல் தனித்தனியே எடுத்துக்கொண்டு ஆராய்கிறது. சமூகங்களைப் பிரித்து, பெயர் சொல்லிப் பேசவேண்டிய பொருள் இது. அதைச் சுருக்கித் தரும் கட்டுரைகள் பெயர்களை நீக்கி ‘இவர்கள்’ என்று எழுதும்போது அந்த வேறுபாடுகளே அழிகின்றன.

இலக்கண மரபு

இச்சிக்கலைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்துள்ளது. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் வினையோடு சேர்ந்து வரும்போது இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வரவேண்டும் என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம். சுட்டு முந்தி வருவதைச் செய்யுளுக்கு உரியதாக ஒதுக்குகிறது. உரைநடையில் “அவர் கட்டிய மண்டபம்” என்று தொடங்கி, மன்னரின் பெயரை மூன்றாவது வாக்கியத்தில் சொல்வது இந்த மரபுக்கு மாறானது.

தமிழில் ‘தான்’, ‘தாம்’ என்னும் சொற்களும் உண்டு. இவை பெரும்பாலும் எழுவாயையே சுட்டும். “முனிவர் அழகரைத் தம் இடத்துக்கு அழைத்தார்” என்றால் இடம் முனிவருடையது. ‘அவருடைய இடம்’ என்றால் அது யாருடையது என்ற ஐயம் எழும். இத்தகைய வசதி இருந்தும் இணையக் கட்டுரைகள் அதைக் குறைவாகவே பயன்படுத்துகின்றன.

இணைய வாசிப்பின் இயல்பு

அச்சு நூலை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் பெயர்களை நினைவில் வைத்திருப்பார். இணைய வாசகர் பலர் தேடுபொறி வழியாகக் கட்டுரையின் நடுப்பகுதிக்கு நேராக வருகின்றனர். ஆகவே துணைத்தலைப்பை ஒரு வாக்கியமாகக் கருதி, அடுத்த வரியை ‘இவர்’ என்று தொடங்குவது பொருந்தாது. ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்திலும் பெயர் இருக்க வேண்டும். ‘மேலே சொன்ன அவர்’ என்பதும் உதவாது. கைபேசித் திரையில் அந்த ‘மேலே’ கண்ணுக்குத் தெரிவதில்லை.

மதிப்பீடு

ஒரே பெயர் அடிக்கடி வந்தால் நடை சலிப்பூட்டும் என்பது சுட்டுப்பெயரை மிகுதியாகப் பயன்படுத்துவோர் கூறும் காரணம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு பத்தியில் ஒருவர் மட்டுமே பேசப்படும்போது ‘அவர்’ போதுமானது. ஆனால் சலிப்பைத் தவிர்ப்பதற்காக அழகர், சுந்தரராஜர், கள்ளழகர் என்று விளக்கமின்றிப் பெயர்களை மாற்றிக்கொண்டே போவது வேறொரு குழப்பம். புதியவர் மூன்று தெய்வங்கள் இருப்பதாக நினைப்பார். வேறு பெயர்களை முதலில் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு ஒரே பெயரைத் தொடர்வதே தகும். இரண்டாமவர் ஒருவர் பத்திக்குள் வந்த உடனே சுட்டை விட்டுப் பெயருக்குத் திரும்ப வேண்டும். ஒரு பெயர் இருமுறை வருவதால் வாசகருக்கு இழப்பு ஏதுமில்லை. யார் செய்தது என்று தெரியாமல் போனால் கட்டுரை எழுதப்பட்டதன் பயனே போய்விடும்.